மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மாமியாரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அங்கு தாங்களும், என் மகளும், பேத்தியும் உடம்பு, மனசு இரண்டாலும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேற்கொண்டு எழுதத் துணிகிறேன். பேத்தி சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்பதைத் தெரியப்படுத்தவும். தங்கள் இலாகாவில் இப்போது வேலைப்பளு அதிகம் என்று மகள் போனில் சொன்னாள். அந்தப் பளுவில் ஒரு கைப்பிடி எங்கள் கட்டடத்துக்கும் தபாலில் வந்து சேர்ந்தது. இக்கடிதம் அதைப் பற்றியதுதான். தயவுசெய்து இதை அலுவலகத்தில் வைத்துப் பிரிக்க வேண்டாம். வீட்டில், சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

சென்ற மாதம் முதல் வாரத்தில் வந்த அந்தச் சுற்றறிக்கையில், பூமி சூடாகிக்கொண்டே போவதால் இனி ஒவ்வொரு கட்டடமும் மாதத்துக்கு இத்தனை யூனிட் மின்சாரத்துக்குள் அடங்க வேண்டும், தாண்டினால் கட்டடம் முழுவதற்கும் கூடுதல் கட்டணம், அந்த அளவை வீடுகளுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைக் குடியிருப்போரே பேசி முடித்துப் படிவம் நான்கில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று கண்டிருந்தது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, மாப்பிள்ளை. பூமி குளிர வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். போன கோடையில் எங்கள் மேல்மாடித் தரையில் தங்கள் மாமியார் செருப்புப் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். என்னைக் கவலையில் தள்ளியது சுற்றறிக்கை அல்ல, அதன் அடியில் இருந்த கையெழுத்து. முதல் எழுத்து மலைமாதிரி எழும்பி, மிச்சம் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் போகும் அந்தக் கையெழுத்தைத் திருமணப் பதிவேட்டில் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். இதை யாரிடமும் சொல்லாதே என்று தங்கள் மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் யாரிடமும் சொல்லவில்லை, கீழ்வீட்டு பஸ் டிரைவர் மனைவியிடம் மட்டும், அதுவும் பெருமைக்காக, "இதுல கையெழுத்துப் போட்டது எங்க மாப்பிள்ளைதான்" என்று சொல்லியிருக்கிறாள். டிரைவர் வீட்டில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்குத் தெரிந்தால் எட்டு வீட்டுக்கும் தெரிந்த மாதிரிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது. நான் பின்னால் தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கித்தான் உட்கார்ந்தேன். பஸ் டிரைவர் எழுந்து நின்று, "சட்டம் போட்டது சாரோட மாப்பிள்ளை. சார் எடை அளவு இலாகாவுல முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தவரு. பங்கு பிரிக்க இவரை விட்டா வேற யாரு?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை, என் பணிக்காலம் முழுவதும் எனக்கு யாருமே கை தட்டியதில்லை. கடைக்குள் நான் நுழைந்தாலே கடைக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போகும். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் மயங்கி, "சரி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ரொம்பச் சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். எட்டு வீடு, எட்டுப் பங்கு. வாய்விட்டுச் சொன்னதுமே, தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா கையைத் தூக்கினார். ஐம்பது வயசு இருக்கும், பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். ரெண்டு மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, அதுதான் அவர் பிழைப்பு. "ஐயா, எங்க வீட்ல பல்பு மூணு, ஃபேன் ஒண்ணு. இரண்டாம் மாடி பல் டாக்டர் வீட்ல ஏசி மட்டும் மூணு ஓடுது. நானும் அவரும் ஒரே தட்டுலயா?" என்றார். நியாயம்தானே? சரி, உபயோகத்தைப் பார்த்துப் பிரிப்போம் என்றேன். அதற்கு டாக்டர் ரொம்பப் பதவிசாக, "தாராளமா. மொட்டை மாடியில சூரியப் பலகை வச்சிருக்கேன். என் மீட்டர் பல மாசம் பூஜ்யத்துக்கும் கீழதான் ஓடுது. உபயோகக் கணக்குல பார்த்தா நான் உங்களுக்கெல்லாம் கொடுக்கிற ஆளு" என்றார். அந்தக் கணக்கில் பார்த்தால், நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தையல்காரம்மாதான் பூமியைச் சூடாக்குகிறவர் என்று வருகிறது! சரி, தலைக்கு இத்தனை என்று வைப்போம் என்றால், எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டயர்ட் நூலகர், கட்டடத்தில் எல்லோரும் 'சைலன்ஸ்' என்று கூப்பிடுகிறவர், "டிரைவர் வீட்டுக்கு ஒன்பது பங்கு, எனக்கு ஒண்ணா? நான் பிள்ளை பெத்துக்காதது ஒரு குத்தமா?" என்று கத்தினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரலை நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வீட்டின் பரப்பளவை வைத்துப் பிரிக்கலாமா என்று நான் இழுத்தேன். டிரைவர் சிரித்தார். "அப்ப ரெண்டு ரூம்ல ஒன்பது பேரு வியர்த்துக்கிட்டுக் கிடக்கணும், பெரிய வீட்ல ஒருத்தர் குளுகுளுன்னு இருக்கணும், அப்படித்தானே சார்?" கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. நாற்காலிகளை நான் ஒருவனாகத்தான் மேலே தூக்கிக்கொண்டு போனேன்.

தராசைத் தொடுமுன் சரக்கைப் பார் என்பது எங்கள் இலாகாவில் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிக்கொடுக்கும் விஷயம். ஆகவே ஒரு வாரம் காலையும் மாலையும் நோட்டுப் புத்தகத்தோடு மீட்டர் பெட்டிகளுக்கு முன்னால் நின்று எட்டு வீட்டையும் குறித்தேன். முடிவு வந்தது. கட்டடத்திலேயே அதிகமாக மின்சாரம் இழுப்பது டாக்டர் இல்லை, தையல்காரம்மா இல்லை, ஒன்பது பேர் இருக்கும் டிரைவர் வீடுகூட இல்லை. மூன்றாம் மாடி இடதுபக்க வீடு. அதாவது நம்ம வீடு. நான் நம்பலை. மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். மீட்டர் கெட்டுப்போச்சோ என்று தட்டியும் பார்த்தேன். தங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "காலையில அஞ்சு மணிக்கு வெந்நீர்ப் பெட்டியைப் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் அணைக்க மாட்டீங்க. கேட்டா, எதுக்கும் இருக்கட்டும்பீங்க. நம்ம கல்யாணத்துக்கு வாங்கின ஃபிரிட்ஜ், ராத்திரி பகலா உறுமுது. மாத்தலாம்னா, நல்லாத்தானே ஓடுதுன்னீங்க. ஊர்ல இருக்கிற தராசெல்லாம் பிடிச்சு முத்திரை வச்ச மனுஷனுக்கு வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியல" என்றாள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். சளி பிடித்தது. அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் எப்படி வைப்பேன் என்ற பயத்தில், நம்ம வீட்டைக் கடைசியில் 'இதர' என்று போட்டேன். பிறகு வெட்கமாகி அடித்துவிட்டு வீட்டு எண்ணையே எழுதினேன். அந்த அடித்தல் இப்பவும் நோட்டில் இருக்கிறது.

இந்தச் சமயத்தில் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பொதுச் செலவில் கைவைத்தேன். லிஃப்டுக்கு ஒரு கால அட்டவணை போட்டு வாசலில் ஒட்டினேன். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும் லிஃப்ட் ஓடாது. ஸ்விட்ச் அறையின் சாவி பஸ் டிரைவரிடம். அவர் மணி தவறாத ஆள், இந்தப் பொறுப்பைக் கொடுத்ததில் அவருக்குச் சந்தோஷம். மறுநாள் சளி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவன், பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, மேலே போய்விடலாம் என்று லிஃப்டுக்குள் ஏறினேன். எனக்குப் பின்னாலேயே பல் டாக்டர் ஓடி வந்து ஏறினார். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவரும் அவர் மனைவியும் கிளினிக்கில் இருப்பார்கள், அன்று ஒரு கிழவருக்குக் கட்டிவைத்த பல்செட்டை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். "அவரு பல் இல்லாம நாற்காலியில சாஞ்சு வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு சார், ரெண்டே நிமிஷம்" என்றார். லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டியது. தாண்டியதும் நின்றது. விளக்கும் அணைந்தது. பஸ் டிரைவர் சரியாகப் பதினொன்றுக்கு ஸ்விட்சைக் கீழே இறக்கி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். விதியை எழுதினவன் நான், மாட்டிக்கொண்டவனும் நான்.

எங்களுடையது பழைய லிஃப்ட், தங்களுக்கே தெரியும், இழுத்து மூடும் கம்பிக் கதவு. அதனால் மூச்சு முட்டவில்லை, ஆனால் வேர்த்துக் கொட்டியது. நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். நம்ம வீட்டில் மிக்ஸி ஓடிய சத்தத்தில் தங்கள் மாமியாருக்குக் கேட்கவில்லை. வந்தது தையல்காரம்மா. கையில் ஒரு சின்னச் சட்டை, வாயில் நூல். எங்களுக்கு மேலே இருந்த படிக்கட்டுத் திருப்பத்தில் வந்து நின்றார். எங்கள் தலை அவர் பாதத்துக்கு நேராக இருந்தது. டிரைவர் சாவியோடு போய்விட்டார், அவர் பஸ் பதினொன்றே முக்காலுக்கு நம்ம தெரு முனையைத் தாண்டும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தார். டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏசி இல்லாம மனுஷன் எப்படித்தான் இருக்கானோ" என்று தன்பாட்டுக்குச் சொன்னார்.

"இருக்கோம் டாக்டர்" என்றார் அந்தம்மா.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் என்னைத்தான் பார்த்தீங்க. நான் யார் காசையும் எடுக்கலை. என் சொந்தப் பணம் போட்டுப் பலகை வச்சேன். ஊருக்கு நல்லதுன்னுதான் வச்சேன்."

"பாதி உங்க பணம். மீதிப் பாதி எங்களது."

"அது மானியம். அரசாங்கம் கொடுத்தது."

அந்தம்மா தைப்பதை நிறுத்தவில்லை. "கரண்ட் பில்லுல கடைசியா பொடி எழுத்துல ஒரு வரி வருது பாருங்க, பசுமைக் கட்டணம்னு. என்னன்னு புரியல, ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். சூரியப் பலகை வைக்கிறவங்களுக்கு மானியம் கொடுக்க எல்லார்கிட்டயும் பிடிக்கிறதும்மான்னாங்க. சரி, நல்ல காரியம்தானே, அப்ப எனக்கும் ஒண்ணு வச்சுக் கொடுங்கன்னேன். சொந்த வீடு இருக்கணும்னாங்க. நான் வாடகை. அவ்வளவுதான், வந்துட்டேன். உங்க மேல கோபம் இல்ல டாக்டர். ஆனா என் மீட்டர் மேல ஓடுது, உங்களது கீழ ஓடுதுன்னு சொல்லும்போது, உங்க மீட்டரைக் கீழ இழுத்ததுல என் கையும் இருக்குல்ல?"

மாப்பிள்ளை, டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பொடி எழுத்து வரியும் தங்கள் இலாகாவில் பிறந்ததுதானே என்று எனக்குள் ஒரு பயம். கடைசியில் டாக்டர், "எனக்கு அது தெரியாதும்மா. சத்தியமா தெரியாது" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. என் பல்லைப் பிடுங்கினபோது வலிக்கவே இல்லை.

"மொட்டை மாடி எட்டு வீட்டுக்கும் பொது. வெயிலும் பொதுதான்" என்றார் அந்தம்மா. "முன்னாடி சாயம் போகுதான்னு பார்க்கத் துணி நனைச்சு அங்கதான் காயப்போடுவேன். பலகை வந்ததும் கொடியை அவிழ்த்துட்டீங்க. போகட்டும். மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்ல. வெயில் அப்பத்தான் கொளுத்துது. அந்த நேரத்துக் கரண்ட்டை ஒரு வயரு போட்டுக் கீழ விட்டீங்கன்னா நான் இஸ்திரி எல்லாத்தையும் அந்த நேரத்துல முடிச்சிடுவேன். சும்மா வேண்டாம். உங்க கிளினிக் வெள்ளைக் கோட்டு அத்தனையும் தேய்ச்சுத் தர்றேன்."

"தர்றேன்மா, வயரு போட்டுத் தர்றேன்," என்றார் டாக்டர். "முதல்ல என்னை வெளிய எடுங்க, அங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு!"

அதற்குள் மணி ஆகிவிட்டது. அந்தம்மா சட்டையையும் ஊசியையும் என் கையில் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு ஓடினார். பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். டிரைவர், "சார் எழுதினபடி மணி ஒண்ணு ஆகல, சாவி தர மாட்டேன்" என்றாராம். "உள்ள மாட்டினதே சார்தான்யா" என்றதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். டிரைவரே ஓடி வந்து ஸ்விட்சைப் போட்டு எங்களை வெளியே எடுத்தார், கூடவே பயணி ஒருவரும் இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டே போனார். டாக்டர் பல்செட்டை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிப்போனார்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடிக்கடி நான் நினைப்பது, அது நியாயத்தினாலா, வேர்வையினாலா என்று. எப்படியோ, மூன்றாம் நாளே எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து மொட்டை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு ஒரு வயர் இறக்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் நான் என் பட்டியலை எடுத்து, முதல் பேராக நம்ம வீட்டைப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சைலன்ஸ் மட்டும், "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னிக்குக் கத்தியிருக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகு பேச்சு சுலபமாகப் போனது. தலைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தேவைக்கு ஒரு அளவு, அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சாப்பாட்டுக்கு வழிசெய்யும் மெஷின் வேறு, சுகத்துக்கு ஓடும் மெஷின் வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அந்த அடிப்படை அளவுக்கு மேலே போகிறவர் போகப்போகக் கூடுதலாகச் செலவைத் தாங்க வேண்டும். லிஃப்ட் செலவு, ஏறுகிறவர் பாடு. டாக்டர் ஒரு ஏசியைக் கழற்றுகிறேன் என்றார். நான் ஃபிரிட்ஜை மாற்றுகிறேன் என்றேன். சைலன்ஸ் தனக்கு மிஞ்சுவதை டிரைவர் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தார். டிரைவர் அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "உங்களுக்கு எப்ப பஸ் வேணும்னாலும் சொல்லுங்க சார்" என்றார். எட்டு வீடும் கையெழுத்துப் போட்டது.

இப்போதுதான் என் கவலையே ஆரம்பம். தங்கள் படிவம் நான்கில் இதை எழுத இடமே இல்லை. 'எல்லா வீடுகளுக்கும் சமப் பங்கு: ஆம் / இல்லை' என்று ஒரே ஒரு கட்டம். இல்லை என்றால் காரணம் எழுத அரை அங்குலக் கோடு. அதில் எங்கள் கட்டடத்தின் பெயரே அடங்காது. 'ஆம்' என்று போட்டால் பொய். 'இல்லை' என்று போட்டால் படிவம் நிராகரிக்கப்பட்டு அபராதம் வருமோ என்று பயம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாலு முழு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் எழுதி, நூலால் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் மனசு வைத்து, மாமனார் என்று பார்க்காமல், ஆனால் மாமனார் என்பதை மறக்காமலும், இந்தத் தாளைப் படிவமாக ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். முடியாது என்றால் இந்தச் சட்டத்திலிருந்து எங்கள் கட்டடத்தை மட்டுமாவது விட்டுவிட ஏதாவது வழி பார்க்கவும். தங்கள் அறையில் உட்கார்ந்து சமம் என்று ஒரு வார்த்தை எழுதுவது சுலபம், மாப்பிள்ளை. அதை எங்கள் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறினால்தான் எடை தெரிகிறது. அதிகமாக எழுதியிருந்தால் பெரியவன் என்று மன்னிக்கவும்.

தாங்களும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். பேத்தி நன்றாகப் படித்து, படிவமே நிரப்பத் தேவையில்லாத ஒரு வேலைக்குப் போக வேண்டும். மாமியார் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். வாய்திறந்ததற்காக அவள் மேல் கோபப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
கவலையுடன்,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன். எந்தச் சுற்றறிக்கை என்று தாங்கள் தேடிக் கஷ்டப்படக் கூடாதே என்று, வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்து எடுத்தேன். வந்த அன்றைக்கே பதற்றத்தில் அதன் முதுகு முழுக்கப் பசை தடவி ஒட்டினவன் நான்தான். மாப்பிள்ளை, பின்பக்கமும் அச்சடித்திருக்கிறது. 'பன்னிரண்டு வீடுகளுக்குக் குறைவான கட்டடங்களுக்கு இது பொருந்தாது.' எங்களுடையது எட்டு. வரம்பு இல்லை, அபராதம் இல்லை, படிவம் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். தரைத்தளத்தில் தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. டாக்டர் வீட்டிலிருந்து வந்த வயர் ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. அந்தம்மா குனிந்து சீருடைச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் தேய்த்து முடித்த வெள்ளைக் கோட்டு நாலு. "என்னங்கய்யா, என்ன விஷயம்?" என்றார். ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். டாக்டர் நல்லவர்தான். ஆனாலும் சட்டமே இல்லை என்று தெரிந்தால் அந்த வயர் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நானே ஃபிரிட்ஜ் கடைக்குப் போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களை விட்டுவிடச் சொன்னதையும் மறந்துவிடவும். ஒரே ஒரு உதவி. அந்தப் பன்னிரண்டை எப்படியாவது எட்டாக்க முடியுமா?